அத்தியாயம் 6: ஆங்கிலத் தேர்வில் கடிதம் – எந்தத் தேர்வுக்கு எந்த வடிவம்?

அபிராமபுரத்தில் ஒரே அடுக்ககத்தில் மூன்று வீடுகளில், ஒரே சமயத்தில் மூன்று பேர் ஆங்கிலக் கடிதம் பழகிக்கொண்டிருப்பார்கள். தரைத்தளத்துப் பையன் மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்பு. முதல் மாடிப் பெண் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா, கனடா விசாவுக்காக ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங் எழுதப்போகிறவர். கீழ்வீட்டுத் தம்பி அழகாக எழுதும் கடிதத்தை மேல்வீட்டு அக்கா அப்படியே எழுதினால் அது தவறான வடிவம். அக்கா எழுதுவதைத் தம்பி எழுதினால் பாதிக் கடிதத்தைக் காணோம் என்று ஆசிரியர் சுழிப்பார்.

மயிலாப்பூர் பக்கத்தில் இந்தக் குழப்பம் அதிகம். ஆர்.கே. மடம் சாலையில் இருக்கும் பி.எஸ். மேல்நிலைப் பள்ளி மாநில வாரியம். அலமேலுமங்காபுரத்தில் இருக்கும் பி.எஸ். சீனியர் செகண்டரி சிபிஎஸ்இ. பெயர் ஒன்று, நடந்துபோகிற தூரம், வடிவம் வேறு. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் ஒரே டியூஷனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்து எழுதுவார்கள். கலப்படம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். கடிதத்தின் உள்ளடக்கம் என்னவாக இருக்கும் என்பது வினாத்தாளைப் பிரித்த பிறகே தெரியும். கட்டமைப்பு முன்கூட்டியே தெரிந்தது. அதற்கான மதிப்பெண் தேர்வு அறைக்குள் போகும் முன்பே உங்கள் கையில் இருக்கிறது. அதை விடக்கூடாது, ஒரு தேர்வின் வடிவத்தை இன்னொன்றோடு கலக்கவும் கூடாது.

1. மாநில வாரியம்: ‘ஃப்ரம்’ முதல் உறை வரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முன்பு இரண்டு தாள்கள். 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். கடிதம் எழுதும் வினா 5 மதிப்பெண் பகுதியில் வரும். விளம்பரம், அறிவிப்பு, குறிப்பெடுத்தல் போன்றவற்றோடு சேர்ந்து, தேர்ந்தெடுத்து எழுதும் வினாக்களில் ஒன்றாக இருக்கும்.

முறையான கடிதத்தின் வரிசை இது. விடைத்தாளில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இங்கே எது எந்த இடம் என்பதைக் காட்ட மட்டும் தமிழில் தருகிறோம்.

ஃப்ரம்
எக்ஸ் எக்ஸ் எக்ஸ்,
3வது தெரு,
அபிராமபுரம்,
சென்னை – 600 018.

டூ
ஆணையர்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம்,
சென்னை – 600 003.

சார்,

சப்: தெருவிளக்குகளைச் சரிசெய்யக் கோருதல் – ரெக்.

(மூன்று பத்திகளில் செய்தி)

தேங்கிங் யூ,

பிளேஸ்: சென்னை
டேட்: (நாள்)

யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி,
எக்ஸ் எக்ஸ் எக்ஸ்.

இதற்குக் கீழே ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி.

தமிழ்த் தேர்வில் நீங்கள் எழுதும் ‘அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி’ இதே வரிசைதான். தலைமைச் செயலகத்திலிருந்து வரும் தமிழ்நாடு அரசுக் கடிதத்தைப் பார்த்தாலும் மேலே ‘ஃப்ரம்’, ‘டூ’, பிறகு ‘சார்’, ‘சப்’, ‘ரெஃப்’ என்றுதான் இருக்கும். மாநில வாரியத்துக் கடிதம் அரசு அலுவலகத்து வழக்கத்தை ஒட்டியது என்று நினைவில் வைத்தால் வரிசை மறக்காது.

கவனிக்க வேண்டியவை:

உங்கள் பெயர், பள்ளியின் பெயர், பதிவெண் ஆகியவற்றை விடைத்தாளின் உள்பக்கங்களில் எங்கேயும் எழுதக்கூடாது. யாருடைய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது என்பதற்கான விதி இது. வினாவில் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள். கொடுக்கவில்லை என்றால் மூன்று எக்ஸ் போதும். பெறுநருக்கும் பெயர் தேவைப்பட்டால் மூன்று ஒய். கையெழுத்துப் போடும் பழக்கத்தில் சொந்தப் பெயரை எழுதிவிடுகிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் பழகும்போதே எக்ஸ் போட்டுப் பழகுங்கள்.

பெறுநர் இடத்தில் பதவிப்பெயர் வேண்டும். வினாவில் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்றிருந்தால் ‘மேடம்’. யாரென்று தெரியாத அதிகாரி என்றால் ‘சார் / மேடம்’. ‘டூ’ பகுதியில் தலைமையாசிரியை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘சார்’ என்று அழைப்பது, திருத்துபவர் கண்ணில் முதலில் படும் பிழை.

பொருள் வரி முழு வாக்கியம் ஆகக்கூடாது. ‘ஐ ரிக்வஸ்ட் யூ டு…’ என்று அங்கேயே தொடங்கிவிட்டால் அது கடிதத்தின் உடல், பொருள் அல்ல. ஆறேழு சொல்லில் ஒரு தொடர், அவ்வளவுதான். முடிவில் ‘ரெக்.’ போடுவது நம் ஊர் அலுவலக வழக்கம். மாநில வாரியத்தில் போடலாம், மற்ற தேர்வுகளில் தேவையில்லை.

உறைமேல் முகவரியைக் கடைசி நிமிடத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பெறுநர் முகவரியைக் கட்டத்துக்குள் திரும்ப எழுத அரை நிமிடம் ஆகாது. கடிதத்தைத் தொடங்கும்போதே பக்கத்தின் அடியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

அஞ்சல் குறியீட்டை இஷ்டத்துக்கு எழுதாதீர்கள்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகத்தை. சென்னை என்று எழுதினால் 600-இல் தொடங்க வேண்டும். மதுரை 625, கோயம்புத்தூர் 641, திருச்சி 620. ‘சென்னை – 625 001’ என்று எழுதினால் திருத்துபவர் மதிப்பெண் குறைக்காமல் விடலாம், ஆனால் கவனக்குறைவான தாள் என்ற எண்ணம் முதல் பத்தியைப் படிக்கும் முன்பே வந்துவிடும்.

2. சிபிஎஸ்இ: எல்லாம் இடது ஓரம்

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் முறையான கடிதம் 100 முதல் 120 சொற்களில், 5 மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் கோரில் 120 முதல் 150 சொற்கள், அதுவும் 5 மதிப்பெண். பன்னிரண்டில் அந்த ஐந்தைப் பிரிக்கும் விதம்: கட்டமைப்புக்கு 1, கருத்துகளை ஒழுங்குபடுத்துவதற்கு 1, உள்ளடக்கத்துக்கு 2, எழுத்து மற்றும் இலக்கணப் பிழையின்மைக்கு 1. ஐந்தில் ஒன்று, ஒரு வாக்கியம்கூட யோசிக்காமல் கிடைக்கக்கூடியது.

இங்கே ‘ஃப்ரம்’, ‘டூ’ என்ற சொற்கள் வேண்டாம். அனுப்புநர் முகவரி மேலே, அதில் பெயர் கிடையாது. ஒரு வரி விட்டுத் தேதி. ஒரு வரி விட்டுப் பெறுநரின் பதவியும் முகவரியும். பிறகு ‘சப்ஜெக்ட்’, விளிப்பு, உடல், முடிப்பு, பெயர், தேவையென்றால் பதவி. எல்லாம் இடது ஓரத்திலிருந்தே தொடங்கும். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள வேண்டாம். அதற்குப் பதில் பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒரு வரி காலி.

இந்த முழு இடதுபக்க வடிவம் தட்டச்சு யுகத்தில் பரவியது. ஒவ்வொரு வரிக்கும் டேப் தட்டி உள்ளே நகர்த்த வேண்டியதில்லை. கேரேஜைத் தள்ளினால் நேராக இடது ஓரத்துக்கு வந்துவிடும். கையால் எழுதும்போதும் லாபம் உண்டு. ஒரே நேர்க்கோட்டில் வந்தால் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

டியூஷனில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி: “மிஸ், தேதியை மேலே போடணுமா, கீழே போடணுமா?” மாநில வாரியம் என்றால் ‘பிளேஸ், டேட்’ என்று கீழே. சிபிஎஸ்இ என்றால் மேலே, அனுப்புநர் முகவரிக்குக் கீழே. இரண்டு இடத்திலும் எழுதிவைப்பது பாதுகாப்பு அல்ல, வடிவம் தெரியவில்லை என்று நீங்களே காட்டிக்கொடுப்பது.

பன்னிரண்டாம் வகுப்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதமும், பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதமும் முக்கியம். வேலை விண்ணப்பத்துக்குக் கடிதம் ஒரு பாகம், தன்விவரப் பட்டியல் இன்னொரு பாகம். கடிதத்தின் கடைசியில் ‘என்குளோஷர்: பயோடேட்டா’ என்று ஒரு வரி எழுதி இரண்டையும் இணைக்க வேண்டும். அந்த வரி விடுபட்டால் கீழே இருக்கும் பட்டியல் கடிதத்தோடு ஒட்டாமல் நிற்கும்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும்போது கோரிக்கை ஆசிரியரிடம் அல்ல. ‘தெருவிளக்கைச் சரிசெய்யுங்கள்’ என்று அவரிடம் கேட்பது பெரிய பிழை. அவர் மின்விளக்குப் பிரிவில் வேலை செய்யவில்லை. ‘உங்கள் நாளிதழ் வாயிலாக மாநகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்’ என்பதே சரியான தொடக்கம். ஒரே பிரச்சினையை ஆணையருக்கும் ஆசிரியருக்கும் எழுதிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கைக்கு வந்துவிடும்.

3. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி: முகவரி இல்லாத கடிதமும் மருத்துவக் கடிதமும்

ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங்கில் எழுத்துப் பகுதி மொத்தம் 60 நிமிடம். முதல் பணி கடிதம்: குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம் செலவிடச் சொல்வார்கள். முகவரி எழுதத் தேவையில்லை என்று வினாவிலேயே அச்சடித்திருக்கும். எப்படி விளித்துத் தொடங்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். தேதி, பொருள் வரி, உறை எதுவும் வேண்டாம். பள்ளியில் படிந்த பழக்கத்தில் ‘ஃப்ரம்’ என்று ஆரம்பிக்கும் கையைத் தடுத்து நிறுத்துவதே இங்கே முதல் பயிற்சி.

மதிப்பீடு நான்கு அளவுகோல்களில் நடக்கும்: கேட்டதை முழுமையாகச் செய்தீர்களா, கோவை, சொல்வளம், இலக்கணம். வினாவில் மூன்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி, முன்னால் கடிதத்தின் நோக்கம் ஒரு வாக்கியம், முடிவில் எதிர்பார்ப்பு ஒரு வாக்கியம். இதுதான் இங்கே கட்டமைப்பு. இன்னொன்று தொனி. வீட்டு உரிமையாளருக்குப் புகார் எழுதும்போது பாதிக் கடிதம் மரியாதையாகவும் பாதி நண்பனிடம் பேசுவது போலவும் போனால் பேண்ட் இறங்கும்.

வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்குப் போகும் செவிலியர்களும் மருத்துவர்களும் எழுதும் ஓஇடி இன்னொரு வகை. 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும். 40 நிமிடம் எழுத. உடல் பகுதி 180 முதல் 200 சொற்கள். இங்கே முகவரி உண்டு, தேதி உண்டு, விளிப்புக்குக் கீழே ‘ரீ’ என்று நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அல்லது வயதும் உண்டு. ஆறு அளவுகோல்களில் ஒன்று ஒழுங்கமைப்பும் வடிவமும்; அதற்கு மட்டும் 7 வரை புள்ளி. நோக்கத்துக்கு 3 வரை. எதற்காக இந்த நோயாளியை அனுப்புகிறீர்கள் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். குறிப்புகளை அப்படியே பட்டியலாக இறக்கக்கூடாது, முழு வாக்கியமாக்க வேண்டும்.

4. நண்பருக்கும் உறவினருக்கும்

முறைசாராக் கடிதத்தில் பொருள் வரி இல்லை, பெறுநர் முகவரி மேலே இல்லை. மாநில வாரியத்தில் வலது மேல் மூலையில் ஊரும் தேதியும், பிறகு ‘மை டியர் ஃபிரெண்ட்’ அல்லது பெயர், உடல், ‘யுவர்ஸ் லவிங்லி’, இடது கீழே உறைமேல் முகவரி. நலம் விசாரிக்கும் வரி ஒன்றே ஒன்று போதும். அப்பா, அம்மா, பாட்டி, நாய்க்குட்டி வரை எல்லோரையும் விசாரித்துவிட்டு வினாவில் கேட்டதற்கு இரண்டு வரி மிச்சம் வைப்பது பழைய வியாதி.

5. ஜோடி பிரியக்கூடாதவை

விளிப்பும் முடிப்பும் ஜோடி. ஆளின் பெயர் தெரியாமல் ‘டியர் சார்’, ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயரைச் சொல்லி ‘டியர் மிஸ்டர் இன்னார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. நண்பருக்கு முதற்பெயரோடு தொடங்கினால் ‘பெஸ்ட் விஷஸ்’ போல இயல்பான முடிப்பு. ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ பள்ளிக்குள், தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தோடு நிற்கட்டும். மாநகராட்சி ஆணையருக்கு நீங்கள் மாணவர் அல்ல, குடிமகன், அங்கே ‘ஃபெய்த்ஃபுல்லி’தான்.

எழுத்தில் வழக்கமாக நேரும் பிழைகள்:

‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்குறி கிடையாது. ‘யுவர்ஸ்’ பெரிய எழுத்தில் தொடங்கும், அடுத்த சொல் சின்ன எழுத்தில். ‘ஃபெய்த்ஃபுல்லி’யில் எல் இரண்டு. ‘சின்சியர்லி’யில் எல்லுக்கு முன்னால் இருக்கும் ஈ எழுத்தை விழுங்கிவிடாதீர்கள். இரண்டுக்குப் பின்னும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்ல.

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று எழுதினால் அடுத்து ‘ஹியரிங்’ வர வேண்டும், ‘ஹியர்’ வராது. ஒரு கடிதத்தின் கடைசி வாக்கியம் பிழையாக இருந்தால் திருத்துபவர் அந்த எண்ணத்தோடுதான் மதிப்பெண் போடப் போவார்.

தேதியை எண்களால் மட்டும் எழுதாமல் மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

6. நேரமும் தாளும்

மாநில வாரியத்தில் 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். கணக்குப் போட்டால் 5 மதிப்பெண் கடிதத்துக்கு 9 நிமிடம். சிபிஎஸ்இ எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், அதே 180 நிமிடம். கடிதத்துக்குச் சுமார் 11 நிமிடம். இந்த நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் ஒன்றரை நிமிடம் கட்டமைப்பு முழுவதையும் எழுதிவிடுங்கள். மேல்பகுதி, விளிப்பு, அடியில் முடிப்புக்கும் உறைக்குமான இடம் எல்லாம். கோலத்துக்கு முதலில் புள்ளி வைத்துக்கொள்வது போல. பிறகு ஆறேழு நிமிடம் மூன்று பத்திகள்: நான் யார், என்ன பிரச்சினை, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்கு என்ன கஷ்டம், என்ன செய்யக் கேட்கிறேன். மிச்ச நேரம் மேலே சொன்ன எழுத்துப் பிழைகளைச் சரிபார்க்க.

கடிதத்தைப் பக்கத்தின் கடைசி ஐந்து வரியில் தொடங்காதீர்கள். முகவரி ஒரு பக்கத்திலும் ‘சார்’ அடுத்த பக்கத்திலும் வந்தால் வடிவம் முழுமையாக இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. இடம் போதாது என்றால் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள்.

பயிற்சி

1. மழை பெய்தால் உங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது. மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கேட்டு மாநகராட்சி ஆணையருக்கு மாநில வாரிய வடிவில் ஒரு கடிதம்.

2. அதே பிரச்சினை; ஒரு நாளிதழ் ஆசிரியருக்கு சிபிஎஸ்இ வடிவில், 120 முதல் 150 சொற்களில்.

3. அதே பிரச்சினையால் வாடகை வீட்டில் தரை ஓதமேறிவிட்டது. வீட்டு உரிமையாளருக்கு ஐஇஎல்டிஎஸ் வடிவில்: என்ன நடந்தது, எப்படிப் பாதிக்கிறது, என்ன செய்ய வேண்டும்.

4. அதே மழையில் ஊருக்குப் போக முடியாமல் போனதைப் பற்றி மதுரையில் இருக்கும் நண்பருக்கு ஒரு முறைசாராக் கடிதம்.

வீட்டில் திருத்தும் பெற்றோருக்கு: முதலில் உடல் பகுதியை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு, மேலும் கீழும் இருப்பதை மட்டும் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் இதைத் திருத்தலாம். இந்த அத்தியாயத்தின் வரிசையோடு ஒப்பிட்டால் போதும். எது இல்லை, எது இடம் மாறியிருக்கிறது, விளிப்பும் முடிப்பும் பொருந்துகின்றனவா என்ற மூன்றையும் குறித்துக் கொடுங்கள். நான்கு கடிதங்களிலும் மறைக்காத பகுதி பிழையில்லாமல் வந்த பிறகு, தாளை எடுத்துவிட்டு உள்ளடக்கத்துக்குப் போங்கள். அடுத்த அத்தியாயம் அந்த மூன்று பத்திகளைப் பற்றியது.